மாதம் ஒருமுறை எடை பார்க்கிறவர்களுக்கு

உடம்பைக் குறைக்க நினைக்கிறவர் தினமும் எடை பார்க்கக் கூடாது, மாதம் ஒருமுறை பார்த்தால் போதும் என்று ஒரு கருத்து எங்கள் பக்கத்தில் நன்றாக வேர் பிடித்துவிட்டது. நாகலாபுரத்தில் விடிந்தும் விடியாமலும் புதூர் ரோட்டில் கை வீசி நடக்கிற எங்கள் கூட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் இதைத்தான் சொல்வார்கள். "தினம் பாத்தா மனசு விட்டுப் போயிரும் அண்ணாச்சி" என்பது காரணம். டாக்டர் சொன்னார், வாட்ஸ்அப்பில் வந்தது, மருமகள் சொன்னாள் என்று ஆளுக்கொரு ஆதாரமும் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

இது தப்பான யோசனை என்பது என் கட்சி. நல்லபடியாக நடந்துகொண்டிருந்த ஆட்களை இது பாதி வழியில் உட்கார வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் டாக்டர் இல்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போடுகிறவனாகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். மொத்தம் 33 வருஷம். பருத்தி, வத்தல், மல்லி, உளுந்து, பாசிப்பயறு, கடைசிப் பத்து வருஷத்தில் மலைமலையாக மக்காச்சோளம் என்று இந்தக் கரிசல் பூமி விளைவித்த எல்லாவற்றையும் தராசில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். அந்த வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும். தராசுக்குத் தெரிந்தது கனம் மட்டும்தான். தட்டில் இருப்பது சரக்கா, தண்ணீரா என்பது அதற்குத் தெரியாது.

மாசிப் பனியில் விடியற்காலை எடுத்த பருத்தியை அப்படியே மூடை கட்டிக் கொண்டு வந்தால் ஒரு எடை. அதே பருத்தியைக் களத்தில் விரித்து இரண்டு வெயில் காய வைத்துக் கொண்டு வந்தால் வேறு எடை. பஞ்சில் ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதில் பனியே போதாது என்று முந்தின ராத்திரி குடத்துத் தண்ணீரைத் தெளித்து எடுத்து வருகிற மகாராசன்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் மாய்ச்சர் மீட்டர் வந்தது. இந்தியப் பருத்திக் கழகம் ஆதரவு விலைக்கு எடுக்கும்போது ஈரப்பதம் 8 சதவீதம் வரை முழு விலை கிடைக்கும். அதற்கு மேல் ஏற ஏற விலையில் பிடித்தம். 12 சதவீதத்தைத் தாண்டினால் சரக்கை எடுக்கவே மாட்டார்கள்.

நம்முடைய உடம்போ, எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். பருத்தியாக இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம்.

ஒரு சின்னச் சோதனை. எடை மிஷினில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறுங்கள். ஒரு கிலோ கூடியிருக்கும். இரண்டு நிமிஷத்தில் ஒரு கிலோ கொழுப்பு போட்டுவிட்டது என்று யாரும் அதற்காகக் கலங்குவதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக அதே ஒரு கிலோ ஏறினால் மட்டும் முகம் தொங்கிவிடுகிறது. முந்தின நாள் சாயங்காலம் சாத்தூர் காராச்சேவுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அரசியல் பேசியது ஞாபகத்தில் இருக்காது. உப்பு உள்ளே போனால் உடம்பு அதற்குத் தக்க தண்ணீரைப் பிடித்து வைக்கும். ஓரிரு நாளில் சிறுநீரகம் கணக்கைத் தீர்த்து வெளியே அனுப்பிவிடும். சோறும் அப்படித்தான். சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடம்பு கிளைக்கோஜன் என்ற பெயரில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். இது போக, தின்ற சாப்பாடு வயிற்றுக்குள் இருக்கிற வரைக்கும் அதன் சொந்த எடையும் நம் கணக்கில்தான்.

கொழுப்பு அவ்வளவு சுலபத்தில் ஏறுகிற சரக்கு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் உடம்பின் தேவைக்கு மேலே சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். எங்கள் ஊர்க் கோயில் கொடையில் எவ்வளவு வஞ்சகம் இல்லாமல் கறிச்சோறு பரிமாறினாலும் ஒரே இலையில் அவ்வளவு இறங்காது. ஆகவே மறுநாள் காலையில் மிஷின் காட்டுகிற ஒரு கிலோவில் பெரும்பகுதி ஈரப்பருத்தி.

இதை முதன்முதலில் விடாப்பிடியாக அளந்தவர் இத்தாலிய மருத்துவர் ஒருவர். சான்டோரியோ என்று பெயர், பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், கலிலியோ காலத்து மனிதர். நம் ஊர் வெள்ளிக்கோல் மாதிரி ஒரு பக்கம் கல் நகருகிற பெரிய கோலில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து, தின்றது, குடித்தது, கழித்தது எல்லாவற்றையும் சுமார் 30 வருஷம் நிறுத்துப் பார்த்தார். 1614-இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். உள்ளே போனதில் பாதிக்கு மேல் மலமாகவும் சிறுநீராகவும் வெளியே வரவே இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போய்விடுகிறது என்பது அவர் கண்ட கணக்கு. எரிகிற கொழுப்பும் அந்த வழியில்தான் போகிறது. 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடும், மீதி தண்ணீர். வியர்வையில் கொழுப்பு வடிகிறது என்று நினைத்துக்கொண்டு வெயிலில் கம்பளிச் சட்டை போட்டு நடக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

இப்போது மாத எடைக்காரர்களிடம் வருகிறேன்.

வாரம் அரைக் கிலோ குறைந்தால் அது நல்ல வேகம். நாள் கணக்கில் 70 கிராம் சொச்சம். ஒரு கோழிமுட்டையை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எங்கள் வயசில் பாதிப் பேருக்கு அதுவும் கிடையாது. மாதம் ஒரு கிலோ குறைந்தாலே குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம். ஆனால் தண்ணீரால் ஏறி இறங்குகிற ஆட்டம் ஒரே நாளில் ஒரு கிலோ வரை இருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு அடியில் இந்த 70 கிராம் ஒளிந்துகிடக்கிறது.

ஒருவருடைய நிஜ எடை 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சித்திரை 1-ஆம் தேதி பார்க்கிறார். முந்தின ராத்திரி வயிறு சரியில்லை, கஞ்சியோடு படுத்துவிட்டார். மிஷின் 81.3 காட்டுகிறது. அந்த மாதம் முழுக்க ஒழுங்காக நடக்கிறார், ராத்திரிச் சோற்றைக் குறைக்கிறார், நிஜமாகவே ஒரு கிலோ குறைத்து 81-க்கு வந்துவிடுகிறார். வைகாசி 1-ஆம் தேதி மறுபடி ஏறுகிறார். முந்தின நாள் ஒரு கல்யாண வீடு. மிஷின் 81.9 காட்டுகிறது. ஒரு மாதம் பாடுபட்டுக் குறைத்த மனிதனிடம் மிஷின் சொல்கிறது, 600 கிராம் கூடிவிட்டாய் என்று. இதைச் சரிபார்க்க அவருக்கு அடுத்த வாய்ப்பு எப்போது? இன்னும் முப்பது நாள் கழித்து. அது வரைக்கும் அந்த எண்தான் அவருக்குத் தீர்ப்பு.

விற்பனைக்கூடத்தில் ஒரு அம்பாரத்துக்கு ஈரம் பார்க்கும்போது ஒரு மூடையில் மட்டும் கையை விட்டால் சம்சாரி சும்மா விடமாட்டார், வியாபாரியும் சும்மா விடமாட்டார். மேல் மூடை, அடி மூடை, நடு மூடை என்று பல இடத்தில் மாதிரி எடுத்துச் சராசரி போட வேண்டும். சாதாரண உளுந்துக்கு நாம் கொடுக்கிற இந்த நியாயத்தை நம் உடம்புக்கு ஏன் கொடுப்பதில்லை?

என் சகலை அருப்புக்கோட்டையில் இருக்கிறார். எட்டு வருஷமாகச் சர்க்கரை. டாக்டர் 5 கிலோ குறைக்கச் சொன்னார். மனிதர் கெட்டிக்காரர், ரோஷக்காரரும்கூட. ஐந்து மணிக்கே எழுந்து நடக்க ஆரம்பித்தார். மூன்று தடவை காபி ஒரு தடவையாயிற்று. அவர் வழக்கம், மாதம் பிறந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக் கடை மிஷினில், சாயங்காலம், செருப்போடு ஏறிப் பார்ப்பது. முதல் மாதம் 300 கிராம் கூடியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாம் மாதம் அப்படியே நின்றது. "என்ன சகலை, நடந்து நடந்து செருப்புதான் தேயுது" என்று போனில் சொன்னார். மூன்றாம் மாதம் நடையை நிறுத்திவிட்டார். போன வருஷத்திலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நடையை விட்டதால்தான் இன்சுலின் வந்தது என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. நடையை விட்டது ஒரு மருந்துக் கடை மிஷினின் மூன்று எண்களை நம்பி என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

இதில் எனக்கு வயிறெரிகிற இன்னொரு விஷயம் இருக்கிறது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் ஒரு பெரிய ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டார்கள். சர்க்கரை நோய் வாசலில் நிற்கிற, ஆனால் இன்னும் உள்ளே நுழையாத 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் கவனித்தார்கள். வெறுமனே விடப்பட்டவர்களில் பாதிக்கு மேல், 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு ஒழுங்கு இரண்டையும் கடைப்பிடித்தவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இதில் வேடிக்கை, அவர்கள் எடை குறிப்பிடும்படியாக எதுவும் குறையவில்லை! மிஷின் அசையாத நேரத்திலும் நடை உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சகலைக்கு நோய் முன்பே வந்துவிட்டது, அவர் கதை கொஞ்சம் வேறு. ஆனாலும் மிஷின் அசையவில்லை என்பதற்காக நடையை விடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு இதை விடப் பக்கத்தூர் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் மிஷினையே தூக்கிப் போட்டுவிடலாமே என்று எங்கள் ஹெட்மாஸ்டர் கேட்டார். அவரும் ஓய்வு பெற்றவர்தான், ஆனால் கேள்வி கேட்பதில் மட்டும் ஓய்வு பெறவில்லை. தூக்கிப் போட வேண்டாம், அதோடு பழக வேண்டும் என்று சொன்னேன். ஐப்பசி மழையில் கரிசல் பொதுமிக்கொண்டு மேலே வருகிறது. பங்குனி, சித்திரை வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கிறது. அதைப் பார்த்து என் நிலம் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று எந்தச் சம்சாரியாவது பட்டா மாற்றப் போகிறாரா? வருஷம் முழுக்க அந்த மண்ணைத் தினமும் பார்க்கிறவர் என்பதால் அவருக்குப் பயமில்லை. மெட்ராஸிலிருந்து சித்திரையில் வந்து ஒரு தடவை பார்க்கிற பேரன்தான் "தாத்தா, பூமி பொளந்துருச்சு" என்று கத்துவான்.

தினம் எடை பார்ப்பதும் இப்படித்தான். என் நோட்டிலிருந்து ஒரு வாரம் தருகிறேன். ஞாயிறு 80.9, திங்கள் 82.1, செவ்வாய் 81.7, புதன் 81.4, வியாழன் 81.0, வெள்ளி 80.8, சனி 80.6. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் என்ன சமையல் என்று சொல்ல வேண்டியதில்லை, திங்கட்கிழமை எண்ணே சொல்கிறது. திங்கள் மட்டும் பார்க்கிறவருக்கு நான் 82.1 கிலோ ஆள். சனி மட்டும் பார்க்கிறவருக்கு 80.6. ஒரே வாரம், ஒரே ஆள், ஒன்றரைக் கிலோ வித்தியாசம். சராசரி 81.2. அந்த ஒரு எண்ணைத்தான் நான் சிவப்பு மையில் எழுதுவேன். அதற்கடுத்த மூன்று வாரச் சராசரி 80.9, மறுபடி 80.9, பிறகு 80.5. இப்படி நாலு வாரம் பார்த்த பிறகு திங்கட்கிழமை ஒரு கிலோ ஏறினால் எனக்குக் காபி கசப்பதில்லை. புதன்கிழமை அது இறங்கும் என்று தெரியும். இறங்காமல் இரண்டு வாரம் நின்றால் அப்போது யோசிப்பேன், ராத்திரித் தோசை மூன்றா நாலா என்று.

மனசு விட்டுப் போவது அடிக்கடி பார்ப்பதால் என்கிறார்கள். நான் பார்த்த மட்டில் எப்போதாவது பார்க்கிறவர்களுக்குத்தான் மனசு விட்டுப் போகிறது. அந்தக் காலத்தில் மதுரை ஜங்ஷனில் கலர் பல்பு சுற்றுகிற ஒரு எடை மிஷின் நிற்கும். காசைப் போட்டால் கடகடவென்று சத்தம் போட்டு ஒரு அட்டையைத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். மாத எடைக்காரர்கள் இன்றைக்கும் இரண்டு பக்கத்தையும் சேர்த்தேதான் படிக்கிறார்கள்.

வெறும் வாய்ப்பேச்சு இல்லை இது. அமெரிக்காவில் ரீனா விங் என்ற ஆராய்ச்சியாளரும் ஜேம்ஸ் ஹில் என்பவரும் 1994-இல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 13 கிலோவுக்கு மேல் குறைத்து, அதை ஒரு வருஷமாவது ஏறவிடாமல் காத்தவர்களுக்கு மட்டும் அதில் இடம். அப்படி ஜெயித்தவர்களில் நாலில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்க்கிறவர்கள். பிறகு அதே ரீனா விங் 314 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. உடம்பில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து முடித்தவர்கள் இவர்கள். தினமும் எடை பார்க்கக் கற்றுக்கொடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எல்லை போட்டுக் கொடுத்தார்கள். ஏறியது 1.4 கிலோவுக்குள் இருந்தால் பச்சை, 2.3 கிலோவைத் தொட்டால் சிவப்பு, உடனே பழைய பத்தியத்துக்குத் திரும்ப வேண்டும். 18 மாதம் கழித்துப் பார்த்தால், வெறும் செய்திமடல் மட்டும் வாங்கிய கூட்டத்தில் 72 சதவீதம் பேர் 2.3 கிலோவோ அதற்கு மேலோ ஏறிவிட்டார்கள். நேரில் வந்து கற்றுக்கொண்ட கூட்டத்தில் 46 சதவீதம்தான். அவர்களுக்கு எடை பார்ப்பதோடு வேறு பாடங்களும் இருந்தன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தினமும் எடை பார்த்தவர்களே அதிகம் தப்பினார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

வாரம் ஒருமுறை பார்க்கிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. மாதத்துக்கு நாலு மாதிரியாவது கையில் இருக்கும். ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். திங்கட்கிழமையை மட்டும் தவிர்க்கவும்.

என் நிஜமான கோபம் வேறு இடத்தில். கோவில்பட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் மாடி அறை பிடித்து, காலையில் ஒரு தம்ளர் பொடி கரைத்துக் கொடுத்து, "மூன்றே நாளில் இரண்டு கிலோ" என்று சுவரில் படம் ஒட்டியிருக்கிறார்களே, அவர்கள். மேலே கிளைக்கோஜன் கணக்குச் சொன்னேன் அல்லவா? சோறு, இட்லி, தோசையை இரண்டு நாள் நிறுத்தினால் கிளைக்கோஜன் கரையும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த தண்ணீரும் சேர்ந்து இறங்கும். இரண்டு கிலோ என்ன, சிலருக்கு அதற்கு மேலேயும் இறங்கும். கொழுப்பு கால் கிலோ இறங்கியிருந்தால் அதிகம். எங்கள் விற்பனைக்கூடத்தில் தண்ணீரைச் சேர்த்துக் காசு பார்த்தார்கள், இவர்கள் தண்ணீரை இறக்கிக் காசு பார்க்கிறார்கள். முதல் நாள் எடையைச் சாயங்காலம் சாப்பிட்ட பிறகும், மூன்றாம் நாள் எடையை விடியற்காலை வெறும் வயிற்றிலும் போட்டால் இன்னும் ஒரு கிலோ சும்மா கிடைக்கும். தினமும் வீட்டில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவைத்த ஒரு மாதப் பழக்கம் இருந்தால் இந்தப் பொடிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் யாரும் அழமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோஷ்டி உண்டு. எங்கள் போஸ்ட்மாஸ்டர் நடைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, மத்தியானம் தூங்கி எழுந்து ஒரு தடவை ஏறுகிறார். "இன்னைக்கு நடையில மட்டும் நானூறு கிராம் அண்ணாச்சி!" என்று முகமெல்லாம் சிரிப்பு. அது வியர்வை. ஒரு செம்பு மோர் குடித்தால் திரும்ப வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் பார்ப்பது தண்ணீர் வரவு செலவு எழுதுவது, வேறொன்றும் இல்லை.

காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன்னால், இடுப்பில் ஒரு லுங்கி மட்டும். மிஷின் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துத் தரைகள் கரிசல் இழுத்த இழுப்புக்கு விரிசல் விட்டு ஏறி இறங்கிக் கிடக்கும், தரை ஆடினால் எண்ணும் ஆடும். நான் சமமான ஒரு கல்லைப் பார்த்து வைத்து, பென்சிலால் நாலு மூலையும் குறித்து வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை 25 கிலோ அரிசிப் பையைப் பிரிப்பதற்கு முன்னால் அதில் தூக்கி வைத்துப் பார்ப்பேன். எடை போடுகிறவன் முதலில் தராசைச் சோதிக்க வேண்டும் என்பது பழைய தொழில் புத்தி, போகமாட்டேன் என்கிறது. பெண்களுக்கு மாதவிலக்கை ஒட்டித் தண்ணீர் ஒன்றிரண்டு கிலோ வரைகூட ஏறி இறங்கலாம். அவர்கள் ஒரு வாரத்தை அதற்கு முந்தின வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது. என் மகளுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை, அவள்தான் எனக்குச் சொன்னாள்.

எல்லோரும் தினம் பார்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வளர்கிற பிள்ளைகளை, முக்கியமாகப் பெண்பிள்ளைகளை, தினமும் மிஷினில் ஏற்றாதீர்கள். எண்ணைப் பார்த்துவிட்டுச் சோறே வேண்டாம் என்று தட்டைத் தள்ளுகிற சுபாவம் யாருக்காவது இருந்தால் அவர்கள் கண்ணில் படாமல் மிஷினை எடுத்து வைத்துவிடுங்கள், டாக்டரிடமும் பேசுங்கள். மற்றபடி சாதாரணப் பெரியவர்களிடம் தினசரி எடை பார்க்கச் சொல்லிச் சோதித்த ஆய்வுகளில் மனச்சோர்வு கூடியதாகக் காணவில்லை. டாக்டர்களே தினமும் பார்த்தாக வேண்டும் என்று கட்டளை போடுகிற நோயாளிகளும் இருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் தண்ணீர் கோர்க்கிறது என்று அர்த்தம், உடனே போக வேண்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு, மிகுதித் தண்ணீர் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை உலர் எடை என்றே சொல்கிறார்கள். முதலில் கேட்டபோது நம் பருத்திக்காரர்கள் யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மிஷினுக்குத் தெரியாத ஒன்று இடுப்புக்குத் தெரியும். பூனாவில் டாக்டர் யாக்னிக் என்பவரும் லண்டனில் யுட்கின் என்பவரும் சேர்ந்து 2004-இல் லான்செட் பத்திரிகையில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். உயரத்துக்குத் தக்க எடை இருவருக்கும் ஒன்றுதான், 22.3. ஆனால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2. நம் ஜனங்களுக்குக் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வருகிற அமைப்பு, புதூர் ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, இதற்கு மேல் இடுப்பு போகக் கூடாது என்பது நமக்குச் சொல்லப்பட்ட எல்லை. பேண்ட் போடுகிறவருக்குப் பொத்தான் சொல்லிவிடும். வேட்டிக்கு அந்த நேர்மை கிடையாது, எவ்வளவு பெருத்தாலும் விட்டுக்கொடுக்கும். அரைஞாண் கயிறு விட்டுக்கொடுக்காது. அதை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். அந்த ஒரு விஷயத்தில் மாதக்காரர்களோடு நான் ஒத்துப்போகிறேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் எடை கூடியவர்கள். கம்பங்கஞ்சி குடித்துப் பருத்தி எடுத்த தலைமுறையின் பிள்ளைகள் நாம், உட்கார்ந்து சாப்பிடுகிறோம். எனவே இது நாலு கிழவர்களின் காலை நேரத்துப் பேச்சு மட்டும் இல்லை.

சகலைக்குப் போன மாதம் ஒரு டிஜிட்டல் மிஷினும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுத்து வந்தேன். நேற்று போனில் விசாரித்தால் மிஷின் இன்னும் அட்டைப்பெட்டிக்குள்தான் இருக்கிறதாம், பேட்டரி வாங்க மறந்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை அருப்புக்கோட்டை போகிறேன். பேட்டரி பைக்குள் எடுத்து வைத்தாயிற்று.